இடக்கை மணமும் புதுக்கோட்டை மாலியும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மன்னராயிருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் மெல்போர்ன் நகரில் மாலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். இவ்விருவரைப் பற்றி எட்வர்ட் டய்க்கர், கோரலி யங்கர் ஆகிய இருவர் 1991-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டனர். 'மாலியும் இராஜாவும்' என்பது அதன் பெயர். அதற்குத் துணைத்தலைப்பாக மூன்று சொற்கள் உண்டு: இனம், காதல், ராஜ். ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் செவிக்கு இனிமையாக இருக்கின்றன. 2003-இல் யங்கர் தனித்து எழுதிய மற்றொரு நூல், இந்திய மன்னர்களை மணந்த ஐரோப்பியப் பெண்கள் பலரைப் பற்றியது. அதன் தலைப்பில் அப்பெண்கள் 'பொல்லாதவர்கள்' ஆகிவிடுகின்றனர். அது விற்பனைக்காக வைக்கப்பட்ட விளையாட்டுச் சொல் என்பது நமக்கு விளங்காமல் இல்லை. ஆயினும் நூலைத் திறவாமலே கடைவாசலில் தலைப்பை மட்டும் படித்துச் செல்பவரே மிகுதியானவர் என்பதையும் மறத்தற்கில்லை.

இந்நூல்கள் செய்த நன்மையை முதற்கண் ஒப்புக்கொள்வோம். வம்புப் பேச்சாக இருந்த ஒரு வாழ்க்கையை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது சிறு பணியன்று. நம்முடைய குறை வேறு. 1991-ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலுள்ள சொற்களுள் 'திருமணம்' என்னும் சொல் இல்லை. இக்கதையைத் தமிழில் மீண்டும் மீண்டும் எழுதிவரும் வார இதழ்க் கட்டுரைகளிலும் காதல் இருக்கிறது, நகை இருக்கிறது, மாளிகை இருக்கிறது, நஞ்சு இருக்கிறது. அவர்கள் கணவன் மனைவியாக இருந்தனர் என்பது மட்டும் கதையின் முன்னுரையைப் போல ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. நம் எண்ணத்தில் கதையே அந்த ஒரு வரிதான்.

புதுக்கோட்டை என்றவுடன் நம் வாசகர்களுக்கு ஆவூர் நினைவுக்கு வரும். மதுரை மிஷன் காலத்திலேயே இயேசு சபைத் துறவியர் பணிசெய்த ஊர் அது. அந்த ஊரையும் உள்ளடக்கிய சமஸ்தானம் ஏறத்தாழ 1,178 சதுர மைல் பரப்பும் நான்கு இலட்சம் மக்களும் கொண்டது. மழையை நம்பிய ஏரிப்பாசன பூமி. மார்த்தாண்ட பைரவர் 1875-இல் பிறந்தவர். முன்னிருந்த மன்னர் இராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரர். பாட்டனாராலேயே மகனாகத் தத்தெடுக்கப்பட்டவர். 1886-இல் சிறுவனாக அரசுரிமை பெற்று, 1894-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலேய ஆசிரியரிடம் கற்று, ஆங்கிலேயரைப் போலவே வளர்ந்து, முப்பத்தொன்பது வயது வரை மணம் புரியாதிருந்தார். இப்படி வளர்த்துவிட்ட அரசாங்கமே பின்னர் அவர் தேர்ந்த பெண்ணைக் கண்டு திடுக்கிட்டது என்பது வேடிக்கை.

மாலி 1894-இல் பிறந்தவர். திருமணத்தின்போது அவருக்கு இருபத்தொரு வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. தந்தை வழக்கறிஞர். பிரபுக் குடும்பமும் அன்று. ஏழைக் குடும்பமும் அன்று. மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. அந்நாட்டுச் சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் இருவரும் புதுக்கோட்டை வந்தனர். அங்கே அவர்கள் தங்கியது ஏறத்தாழ ஐந்தே மாதங்கள். அரண்மனையில் மாலிக்கு அரளி கொடுத்து நஞ்சூட்ட முயன்றதாகச் சொல்லப்படுகிறது. 1916 ஏப்ரலில் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினர். ஜூலை 22 அன்று சிட்னியில் ஓர் ஆண்மகவு பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டனர்.

நம் கட்டுரையாளர்கள் அரளிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறார்கள். நாம் அதை விட்டுவிடுவோம். அரளியைவிட மெதுவாகவும் உறுதியாகவும் வேலைசெய்த வேறொன்று இருந்தது. அது ஒரு பட்டப்பெயர். இந்திய மன்னர்களின் துணைவியருக்கு ஆங்கில அரசு வழங்கிவந்த 'ஹர் ஹைனஸ்' என்னும் மரியாதை மாலிக்கு மறுக்கப்பட்டது. இலண்டன் அரசவையிலும் அவருக்கு இடமில்லை. மகன் வாரிசாக ஏற்கப்படவில்லை. இத்தனைக்கும், 'இத்திருமணம் செல்லாது' என்று அறிவித்து வழக்கை முடித்துவிட அரசாங்கம் முற்படவில்லை. அவர் மனைவிதான், ஆனால் அரசியல்லர். அவன் மகன்தான், ஆனால் இளவரசனல்லன். இந்த 'ஆனால்' எங்கிருந்து வந்தது?

ஜெர்மானிய அரச குடும்பங்களின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இது பழக்கமான சொல்லே. ஆளும் குடும்பத்தவர் ஒருவர் தம்மினும் தாழ்ந்த குடியில் பெண்கொண்டால், அதற்கென்று அங்கே ஒரு தனி முறை இருந்தது. 'இடக்கை மணம்' என்று அதற்குப் பெயர். மணமகன் வலக்கையை நீட்டாமல் இடக்கையை நீட்டி மணமகளை ஏற்பான். அவள் மனைவி; அதில் ஐயமில்லை. ஆயினும் கணவனின் பட்டமும் கொடிச்சின்னமும் அவளைச் சேரா. பிள்ளைகள் தாயின் தரத்தையே பெறுவர். நாடு அவர்களுக்கு இல்லை. (தமிழருக்கு இடங்கை, வலங்கை என்னும் சொற்கள் வேறு வகையில் பழக்கமானவை. எந்தச் சாதியின் மண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்காக அவ்விரு பிரிவினரும் சென்னைப் பட்டணத்தில் அடித்துக்கொண்டனர். கையை வைத்து மனிதரைப் பிரிப்பதில் நாமும் எவர்க்கும் இளைத்தவரல்லோம்.)

இவ்வகை மணங்களுள் எலியனோர் தெ ஓல்ப்ரூஸ் என்னும் மாதின் வரலாறு நம் கவனத்துக்குரியது. 1639-இல் பிரான்சின் புவாத்து வட்டாரத்தில், சிறிய பண்ணைப் பிரபு ஒருவரின் மகளாகப் பிறந்தவர். சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். பிரன்ஸ்விக்-லூனபர்க் வமிசத்து ஜார்ஜ் வில்லியம் அவரை விரும்பினார். ஆனால் அம்மன்னர் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைத் தம் தம்பிக்கு விட்டுக்கொடுத்தபோது, தாம் இனி மணம் புரிவதில்லை என்று எழுதிக்கொடுத்திருந்தார். எனவே 1665-இல் ஒரு ஒப்பந்தத்தின் பேரில் மட்டும் எலியனோர் அவருடன் வாழத் தொடங்கினார். மனைவி என்னும் பெயரில்லை. 'ஹார்பர்க் சீமாட்டி' என்றொரு பெயர் பின்னர் கிடைத்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து 1676-இல்தான் முறையான திருமணம் நடந்தது. அதன்பின் செல்லே நாட்டின் கோமகள் ஆனார். இவர்களின் ஒரே மகள் சோபியா டோரதியாவை, எந்தக் குடும்பம் தாயைத் தாழ்ந்தவள் என்று இகழ்ந்ததோ அந்தக் குடும்பமே 1682-இல் மருமகளாக்கிக்கொண்டது. நாட்டுக்கும் பணத்துக்கும் ஆசைப்பட்டுச் செய்த சம்பந்தம். அப்பெண் பின்னர் கணவனால் விலக்கப்பட்டு, 1694 முதல் 1726-இல் இறக்கும்வரை ஆல்டன் மாளிகையில் சிறைவைக்கப்பட்டார். தாய் எலியனோர் அவளை விடுவிக்க முயன்று முயன்று 1722-இல் கண்மூடினார்.

இத்துயரக் கதையை ஈண்டு விரித்ததற்குக் காரணம் உண்டு. சோபியா டோரதியாவின் கணவரே பின்னாளில் இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ். மகன் இரண்டாம் ஜார்ஜ். புவாத்துப் பண்ணை வீட்டுப் பெண்ணின் இரத்தம் இன்றளவும் இங்கிலாந்து அரச மரபில் ஓடுகிறது.

அதனினும் அண்மையதொன்று. 1835-இல் வூர்ட்டம்பர்க் அரச குடும்பத்து அலெக்சாந்தர் என்பவர் குளோதின் ரேதை என்னும் அங்கேரியப் பிரபுப் பெண்ணை இடக்கை முறையில் மணந்தார். அவர்களின் மகன் தந்தையின் அரச உரிமையைப் பெறவில்லை. டெக் என்னும் புதுப்பட்டம் ஒன்றைப் பெற்றார். அவருடைய மகள்தான் மேரி, ஐந்தாம் ஜார்ஜின் மனைவி. 1911-இல் தில்லி தர்பாரில் நம் மன்னர்கள் அனைவரும் தலைவணங்கிய பேரரசி. நான்கே ஆண்டுகள் கழித்து, வழக்கறிஞர் மகள் ஒருத்தியைப் புதுக்கோட்டையின் அரசி என்று ஏற்கலாமா என்னும் கேள்வி எழுந்தபோது அரியணையில் இருந்தவர்கள் இவ்விருவரே. பாட்டிக்கு நேர்ந்ததைப் பேத்தி அறியாதிருந்திருக்க முடியாது.

வேறு வகையாகவும் நடந்திருக்கலாம் என்பதற்கு ஜெர்மனியிலேயே சான்று உண்டு. பாடன் நாட்டின் கார்ல் பிரடெரிக் 1787-இல் லூயிஸ் கையர் என்னும் சிறுகுடிப் பெண்ணை இரண்டாம் தாரமாக இடக்கை முறையில் மணந்தார். மூத்த கிளையில் ஆண்வாரிசு அருகியபோது, 1817-இல் இப்பெண்ணின் மக்களுக்கு உரிமை உண்டென்று அறிவித்தார்கள். 1830-இல் அவருடைய மகன் லியோபோல்டு அரியணை ஏறினார். தேவை வந்தால் இடக்கை வலக்கையாகிவிடும்! புதுக்கோட்டையிலும் வாரிசு தேவைதான். ஆனால் அங்கே தேவையை வேறு வழியில் நிறைவுசெய்தனர். 1928-இல் மன்னர் இறந்தபின், கிளைவழிக் குடும்பத்திலிருந்து ஆறு வயதுச் சிறுவர் இராஜகோபாலத் தொண்டைமான் தேர்ந்தெடுக்கப்பட்டார். மார்த்தாண்ட பைரவரே தத்துவழி வந்தவர். அவருக்குப் பின் வந்தவரும் மன்னரின் மகனல்லர். மகனாகப் பிறந்தவனே வெளியே நின்றான். ஆகவே தந்தைவழி இரத்தத் தொடர்பு இங்கே அளவுகோலாக இருக்கவில்லை என்பது தெளிவு. அளவுகோல் தாயின் நிறமும் பிறப்புமே.

1936-இல் எட்டாம் எட்வர்டு, மணவிலக்குப் பெற்ற அமெரிக்கப் பெண்ணை மணக்க விரும்பி, 'அவள் என் மனைவியாக இருக்கட்டும், அரசியாக வேண்டாம்' என்றொரு சமரச வழியைக் கேட்டார். இடக்கை மணம் என்பது நம் சட்டம் அறியாத ஒன்று என்று பிரதமர் பால்டுவின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தம் மன்னருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இல்லாத அந்த ஏற்பாட்டை, இருபத்தோராண்டுக்கு முன்பே எந்தச் சட்டத்தையும் காட்டாமல் ஒரு தமிழ் மன்னர் தலையில் அவர்கள் சுமத்தியிருந்தனர். இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்யும் நூலே நாம் தேடும் நூல். 'இனம்' என்னும் ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் இது கண்ணில் படாது. இன வெறுப்பு இருந்தது, ஐயமில்லை. ஆனால் அவ்வெறுப்பு அணிந்துகொண்ட உடை ஐரோப்பாவின் பழைய குலப்பெருமை.

குற்றமெல்லாம் வெள்ளையருடையது என்று எழுதிவிடுவதும் நேர்மையன்று. சமஸ்தானத்து வைதிகரும் அரச உறவினரும் வேற்றுச் சமயத்தாள் வயிற்றுப் பிள்ளை அரியணையில் அமர்வதை விரும்பவில்லை. ஆங்கில அரசுக்கு இவ்வெதிர்ப்பு வசதியாயிற்று. ஆங்கிலேயரும் அக்கிரகாரமும் ஒரே பக்கத்தில் நின்ற அரிய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

கத்தோலிக்கராகிய நாம் ஒதுங்கி நின்று இதைப் பார்த்துச் சிரிக்கவும் இடமில்லை. ஆஸ்திரியாவின் கத்தோலிக்க அரச குடும்பத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாந்து, சோபி கோட்டெக் என்னும் கத்தோலிக்கச் சீமாட்டியை 1900 ஜூலை 1 அன்று மணந்தார். அதற்கு மூன்று நாள் முன்னதாக, இப்பெண்ணின் பிள்ளைகளுக்கு அரசுரிமை இல்லை என்று அவரிடம் உறுதிமொழி வாங்கப்பட்டது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். வியன்னா அரண்மனைச் சிற்றாலயத்தில் இரு சவப்பெட்டிகளையும் அருகருகே வைத்தனர். மனைவியின் பெட்டி ஒரு படி தாழ்வாக வைக்கப்பட்டது. ஒரே பீடத்தின் முன், ஒரே சாவில் இறந்த தம்பதியருக்கு இரண்டு உயரங்கள். அரச கல்லறையிலும் அப்பெண்ணுக்கு இடமில்லாததால் இருவரும் ஆர்ட்ஸ்டெட்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டனர். தம் மனைவிக்கு இடமில்லாத இடத்தில் தாமும் கிடக்க விரும்பாத கணவர் முன்னதாகவே அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். அவரை நாம் மதிக்கிறோம்.

திருச்சபையின் படிப்பினை இதற்கு நேர்மாறானது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் திருமணம் பற்றிய தன் ஆணையை வரைந்தபோது, பெற்றோர் சம்மதமில்லாத மணங்களைச் செல்லாதவையாக்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசின் தூதர்கள் வற்புறுத்தினர். குலப்பெருமையே அவர்களின் கவலை. சங்கம் இணங்கவில்லை. மணமக்களின் மனமொத்த சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் 1057-ஆம் பிரிவில், அந்தச் சம்மதத்தை எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்கிறது. நம் ஆலயங்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும் அந்த 1563-ஆம் ஆண்டு ஆணையின் வழிவந்ததே. ஓலையில் பெயர், பெற்றோர், பங்கு ஆகியவை வாசிக்கப்படுகின்றன; தரம் வாசிக்கப்படுவதில்லை. திருச்சடங்கில் வலக்கரங்களை இணைக்குமாறு குரு மணமக்களிடம் சொல்கிறார். இடக்கரத்துக்குத் திருவழிபாட்டு நூலில் ஒரு வாசகமும் கிடையாது.

ஆனால் ஆலயத்தின் வாசலைத் தாண்டியவுடன் நிகழ்வது வேறு. நாம் பணிபுரியும் பெருந்துறைப் பக்கத்தில், சாதி மாறி நடந்த திருமணங்களுக்குப் பின்னால் வரும் பேச்சை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். 'ஓலை வாசிச்சாச்சு, தாலி கட்டியாச்சுங்க சாமி, நாங்க ஒண்ணும் வேண்டாமுன்னு சொல்லலையே' என்பார்கள். ஆனால் இணைச்சீர் செய்ய நாத்தனார் முன்வரமாட்டார். அடுத்த வீட்டு விசேஷத்தின் அழைப்பிதழில் மகன் பெயர் இருக்கும், மருமகள் பெயர் இராது. பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள். அவன் தாய் சமையலறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். தோட்டம் பிரிக்கும்போது அந்தப் பேரனின் பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்பெண்ணுக்கு யாரும் அரளி கொடுப்பதில்லை. மனைவி என்பார்கள், 'ஆனால்' என்பார்கள். ஜெர்மானிய அரச குடும்பங்கள் வெளிப்படையாகச் சட்டம் போட்டுச் செய்ததை நாம் சட்டமின்றியே செய்து முடிக்கிறோம். இவ்வாறு இருக்கையில், புதுக்கோட்டை மாலியின் கதையை நம் வீட்டுப் பெண்கள் 'வெள்ளைக்கார ராணியின் காதல் கதை' என்று வாசிப்பது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறோம். அவர்களுள் சிலருக்கு அது சொந்தக் கதை.

மன்னரைப் பற்றியும் ஒரு சொல். காதல் கதையாக எழுதுவோர் அவரை மனைவிக்காக முடி துறந்த வீரர் ஆக்குகின்றனர். மனைவியைக் கைவிடாததற்காக அவரைப் போற்றுவோம். அக்கால மன்னர்களுள் அது எளிதில் காணக் கிடைக்காத குணம். ஆனால் அவர் மன்னராகவும் இருந்தார். 1916-க்குப் பின் சிட்னி, இலண்டன், பிரான்சின் கான் நகரம் என்று அவர் வாழ்வு கழிந்தது. அவ்வாழ்வுக்கான பணம் புதுக்கோட்டையின் வறண்ட நிலத்திலிருந்து சென்றது. 1922-இல் ஆட்சிப் பொறுப்பு அவருடைய உடன்பிறந்தாரான இரகுநாத பல்லவராயரிடம் சேர்ந்தது. நான்கு இலட்சம் குடிகள் தம் மன்னரைக் காணாமலே வரி செலுத்தினர். அக்குடிகளின் குரல் இக்கதையின் எந்த வடிவத்திலும் நம் காதில் விழவில்லை. அவர்கள் மாலியை வெறுத்தனரா, இரங்கினரா, அல்லது விளைச்சல் கவலையில் அவரை நினைக்கவே நேரமின்றி இருந்தனரா? புதுக்கோட்டை மண்ணின் வழக்காறுகளை அறிந்த ஒருவர் தமிழில் எழுதினால்தான் இதற்கு விடை கிடைக்கும். மெல்போர்னிலிருந்து பார்த்தால் மெல்போர்ன்தான் தெரியும்.

மார்த்தாண்ட பைரவர் 1928 மே 28 அன்று பாரிசில் இறந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுசெல்ல ஆங்கில அரசு இசையவில்லை. இலண்டனில் கோல்டர்ஸ் கிரீன் எரியூட்டகத்தில் தகனம் நடந்தது. அதே ஆண்டு மார்ச்சில், முடி துறந்திருந்த இந்தூர் மன்னர் துக்கோஜி ராவ் ஹோல்கர், நான்சி மில்லர் என்னும் அமெரிக்கப் பெண்ணை இந்து சமயத்தில் சேர்த்து, சர்மிஷ்டா தேவி என்னும் பெயரிட்டு மணந்திருந்தார். மாலிக்கு அத்தகைய புதுப்பெயர் எதுவும் சூட்டப்பட்டதாக நாம் வாசித்தவற்றில் இல்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது.  மாலி அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1967 நவம்பரில் கான் நகரில் இறந்தார். விதவையாகக் கழித்த காலம் முப்பத்தொன்பது ஆண்டுகள். மனைவியாக வாழ்ந்த காலத்தைப் போல மூன்று மடங்கு. நாம் படித்த தமிழ்க் கட்டுரைகளுள் நீளமானது கூட இந்த முப்பத்தொன்பது ஆண்டுகளை நான்கு வரியில் கடந்து செல்கிறது. அந்த நான்கில் இரண்டு வரிகள் அவருடைய முத்துமாலையைப் பற்றியவை.